எழுபத்தெட்டுக் கிலோ பின்பாரம்

ஆறு மாதம் நான் ஒரு குட்டி டிராக்டருக்குப் பின்பாரமாக நின்றேன். அடையாள அட்டையில் ஹெல்பர் என்று போட்டிருந்தது. செய்த வேலை வேறு. வண்டி முன்னால் குப்புறக் கவிழாமல் இருக்கப் பின்னால் ஒரு எடை வேண்டும், அந்த எடை நான். இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் கிடையாது.

அது நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு சாயப்பட்டறை. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில். நானும் என் கணவரும் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டுத் திருப்பூருக்கு வந்தவர்கள். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய பிறகு வெளியேறும் கழிவுநீரைச் சுத்தம் செய்தால் அடியில் சேறு தங்கும். அதை மேட்டில் பரப்பிக் காயவைத்து, அள்ளி, சரிவில் இறக்கி, கீழே கொட்டகையில் கொட்ட வேண்டும். கொட்டகையை ஒட்டிக் கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் இல்லாமல். பொக்லைன் நுழைய இடம் போதாது என்று முதலாளி ஒரு குட்டி டிராக்டரை வாங்கி, அதன் முன்னால் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு பக்கெட்டும் மாட்டினார். அதற்கு லோடர் என்று பெயர். என் கணவர்தான் டிரைவர்.

பக்கெட் நிறையச் சேற்றை அள்ளித் தூக்கினால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். குட்டி வண்டி, சொந்த எடை போதாது. பின்சக்கரம் தரையை விட்டால் பிரேக்கும் போய்விடும், ஏனென்றால் அந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். சரிவில் அப்படி ஆனால் நேராகத் தொட்டிதான். முதல் வாரத்திலேயே என் கணவர் இதை முதலாளியிடம் சொன்னார்.

முதலாளிக்குச் சேவூர்ப் பக்கம் தோட்டம். டிராக்டரைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. "டிராக்டருன்னா முன்னாலதானுங்க தூக்கும். எங்க அப்புச்சி வண்டி வாங்குன காலத்துல இருந்து பாக்கறேன். முன்னால பாரம் போடுங்க" என்றார். மூக்கில் இரண்டு இரும்புத் தகடுகளை மாட்டச் செய்தார். உழுகிற டிராக்டருக்கு அது சரி. கலப்பை மண்ணில் இழுபடும்போது முன்பக்கம் மேலே எழும்பும், அதை அமுக்க முன்னால் எடை வேண்டும். இந்த வண்டிக்கோ மூக்கில்தான் ஏற்கெனவே சேறு தொங்குகிறது. வயிறு முட்டத் தின்றவனுக்கு மேலும் ஒரு கரண்டி சோறு வைத்த கதைதான். மறுநாள் சமதரையிலேயே பின்சக்கரம் அரை அடி எழும்பியது.

அப்போதுதான் முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். மேட்டில் ஏழெட்டுப் பேர் சேறு வழித்துக்கொண்டிருந்தோம். அவர் கண் என் மேல் நின்றது.

"ஏங்கண்ணு, நீ சித்தெ பின்னால ஏறி நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்ததை மன்னித்துவிட்டேன். நான் சிரித்ததைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏறி நின்றேன், பின்பக்கம் அடங்கியது. அன்று மத்தியானமே துணி ரோல் நிறுக்கும் மெஷினில் என்னை ஏற்றி நிறுத்துப் பார்த்தார்கள். எழுபத்தெட்டு. ஸ்டோர்க்காரர் அதை உரக்கச் சொன்னார். கலப்பை மாட்டுகிற இரண்டு கைகள் டிராக்டருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் மேல் ஒரு பலகையை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். அதுதான் என் இடம். இரண்டு கையாலும் மட்கார்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சரிவில் இறங்கும்போது பலகை துள்ளும், காலுக்குக் கீழே சக்கரம் ஓடும், பக்கெட்டிலிருந்து கிளம்புகிற சேற்றுத் தூசி முகத்தில் அப்பும். ஒரு நாளைக்கு முப்பது நடை.

கேன்டீனில் முதலாளியே வந்து நின்று, "கண்ணுக்கு இன்னொரு கரண்டி வையுங்க. எடை கொறையப்படாதல்லொ" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அக்கறையாகச் சொன்னார். தட்டில் விழுந்த அந்தச் சோற்றை நான் தின்றேன், பசித்தது.

எங்கள் ஊரில் ஒருத்தன் நம்மை மட்டமாக நினைத்தால் வாய்விட்டுத் திட்டுவான். நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம், கணக்குத் தீர்ந்துவிடும். இங்கே கண்ணு, சாமி, வாங்க, நில்லுங்க என்று தடவிக் கொடுத்தே பலகையில் ஏற்றினார்கள். அந்த மரியாதையை எங்கே பிடித்து அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதை பொய்யும் அல்ல, அதுதான் கொடுமை. அவர் என்னை ஒருநாளும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

என் கணவர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. ஒருநாள் ரூமில் கேட்டேவிட்டேன்.

"பொண்டாட்டியப் பின்னால கட்டி வச்சு எப்படி வண்டி ஓட்டுதீய?"

"நான் ஓட்டலன்னா வேற ஒருத்தன் ஓட்டுவாம்ளா. நான்னா மெதுவா ஓட்டுதேன்."

"மெதுவாக் கொல்லுதீய. அவ்வளவுதான்."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயந்த மனிதர். நானும் அந்த ஆறு மாதமும் பேசிப்பேசி விட்டுவிட்டு, விடிந்தால் பலகையில் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே அவரை மட்டும் குறை சொன்னால் நியாயம் ஆகாது.

ஆவணி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது, நான்கு நாள் போகவில்லை. எனக்குப் பதில் இரண்டு பேரை ஏற்றியிருக்கிறார்கள். ஒல்லியாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆள் கணக்கு. அதில் ஒருத்தி மதுரைக்குத் தெற்கே இருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. என் வயதுதான், நாற்பது கிலோ தேறமாட்டாள். தூசிக்காக மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். அதன் முனை காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கிவிட்டது. கூட நின்றவள் போட்ட சத்தத்தில் என் கணவர் பிரேக்கை மிதித்தார். இன்னும் அரைச் சுற்று சுற்றியிருந்தால் அவள் இல்லை.

ஐந்தாம் நாள் நான் போனபோது அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி விரல் தடிமனுக்கு ஒரு சிவப்புக் கோடு. என்னை ஏற்றினால் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது, அதனால்தான் இவளையும் ஏற்றினார்கள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனேன்.

"உங்க ஊட்டு மாட்டு வண்டியில முன்பாரம் ஏறிப்போனா என்ன செய்வீய?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரெண்டு மூட்டையப் பின்னால தள்ளி வெப்பமுங்க. இல்லீன்னா மாட்டுக் கழுத்து நொந்து போகுமல்லொ."

"மாட்டுக் கழுத்துக்குப் பாக்கீய. இவ கழுத்தப் பாத்தீயளா?"

அவளை முன்னால் இழுத்து, மறுபடி கழுத்தில் சுற்றியிருந்த துண்டை விலக்கிக் காட்டினேன். அவள் பாவம், கூச்சத்தில் சுருங்கிப்போனாள். முதலாளி அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "செரி, ஆளுக்குப் பதுலா வேற என்ன வெக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கே என் கணவர் பின் டயர்களில் முக்கால் பங்கு போர்வெல் தண்ணீர் நிரப்பினார். வண்டி கொஞ்சம் அடங்கியது. ஆனால் அந்த எடை அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மூக்கை மேலே தூக்க, அச்சுக்குப் பின்னால் தள்ளி ஒரு பாரம் வேண்டும். வண்டி மாட்டின் கழுத்து லேசாவதற்கு மூட்டையைப் பின்னால் தள்ளுவது போலத்தான். அதுவும் தாழ்வாகத் தொங்க வேண்டும், உயரத்தில் வைத்தால் திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் சாயும். பாறாங்கல் என்றார் ஒருவர். துள்ளினால் கல் நிற்காது. பழைய இரும்பு என்றார் ஒருவர். அவ்வளவு இரும்பு அங்கே இல்லை.

உப்பு என்றேன் நான்.

சாயப்பட்டறையில் உப்புக்குப் பஞ்சம் இல்லை. நிறம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும், அந்த உப்பும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் லாரி லாரியாக வந்தது. தப்பி வந்தேன் என்று நினைத்தால் அது எனக்கு முன்னால் வந்து அடுக்கிக் கிடந்தது. ஐம்பது கிலோ மூட்டை ஆறு, முந்நூறு கிலோ. ஆங்கிள் இரும்பில் ஒரு கூண்டு செய்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகளில் மாட்டி, மூட்டைகளை அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். பலகையைக் கழற்றி அடுப்புக்கு எடுத்துப் போனேன். முதலாளிக்கும் திருப்தி. "உப்பு எங்கீங்க போயிரும்? நம்மளுதுதானுங்களே" என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. இனி ஒருத்தியும் அங்கே நிற்கவேண்டாம், அதைச் செய்தவள் நான்.

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். நான் மழையைத்தான் காவல் காத்தேன். தினமும் தார்ப்பாயை இழுத்துப் பார்ப்பேன், மூட்டைகளின் அடியைத் தடவிப் பார்ப்பேன். உப்பளத்துக்காரிக்கு உப்பு கரைவது பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு சொட்டு இறங்கவில்லை. மூட்டைகள் முதல் நாள் இருந்த மாதிரியே பருத்து நின்றன.

ஆறு வாரம் ஓடியது. புரட்டாசியில் ஒரு காலை நேரம், என் கணவர் பக்கெட் நிறையச் சேற்றுடன் சரிவில் இறங்கினார். பாதிச் சரிவில் பின்பக்கம் பொசுக்கென்று எழுந்தது. நான் மேட்டிலிருந்து பார்த்தேன். பின்சக்கரம் இரண்டும் காற்றில், வண்டி முன்சக்கரத்தில் உருண்டு தொட்டியைப் பார்த்து ஓடுகிறது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார், அது யாருக்கு வேண்டும்? கடைசியில் லீவரைத் தள்ளிப் பக்கெட்டைத் தரையில் இறக்கினார். பக்கெட் மண்ணைக் கிழித்துக்கொண்டு போய்த் தொட்டி விளிம்புக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. அவர் வாய் ஸ்டீயரிங்கில் மோதி முன்பல் இரண்டு போனது. சட்டை முழுக்க ரத்தம்.

நான் ஓடிப் போய் அவரை இறக்கி உட்காரவைத்துவிட்டு, மூட்டைகளிடம் போனேன். ஒரு மூட்டையை இழுத்தேன், பஞ்சு மாதிரி கையோடு வந்தது. வாய்க்கட்டைப் பிரித்தால் உள்ளே பனியன் வேஸ்ட். ரோஸ், மஞ்சள், கிளிப்பச்சை என்று கத்தரித்த துணித் துண்டுகள், இறுக்கித் திணித்து, மேலே மட்டும் ஒரு படி உப்பு. ஆறு மூட்டையில் நான்கு அப்படி.

விசாரித்தால் கதை வெளியே வந்தது. துணி சாயத்தில் ஓடும்போது உப்பு போடத் தாமதித்தால் நிறம் கெட்டுவிடும். ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். கைக்கு எட்டும் தூரத்தில் டிராக்டர் நிற்கிறது, அதன் பின்னால் சும்மா உப்பு தொங்குகிறது. ஒரு வாளி எடுத்தார்கள். மூட்டை தொய்ந்தால் தெரியும் என்று வேஸ்ட்டைத் திணித்தார்கள். திருப்பூரில் எந்த ஓட்டையையும் அடைக்கப் பனியன் வேஸ்ட் இருக்கிறது. சாய செக்சனில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, என்னோடு சேர்ந்து டீ குடித்தவர்கள். அந்த மூட்டை எதற்காக அங்கே தொங்குகிறது என்று ஒருவனும் ஒரு கணம் யோசிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துணியை வாரி அவர்கள் முகத்திலேயே எறிந்தேன்.

முதலாளி வந்தார். ரத்தத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, என் கணவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். பிறகு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பாத்தியா கண்ணு? ஆளு நின்னிருந்தா இப்புடி ஆயிருக்குமா? உப்பத் திருடலாம், ஆளைத் திருட முடியாதல்லொ."

அதைச் சொல்லிவிட்டு அவர் கண் மறுபடி மேட்டைச் சுற்றியது. என் மேல் ஒரு நிமிடம், அந்த ஒல்லியானவள் மேல் ஒரு நிமிடம்.

மூன்றாம் நாள் என் கணவர் வீங்கிய வாயோடு வேலைக்கு வந்தார். டிராக்டருக்குப் பின்னால் புதுப் பலகை கட்டியிருந்தது, தேக்கு மாதிரி வழுவழுப்பாக. முதலாளி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். "ஒரு வாரத்துக்குத்தானுங்க. வேற ஏற்பாடு பண்ணற வரைக்கும். ஏறிக்க கண்ணு" என்றார்.

நான் அவர் வயிற்றைப் பார்த்தேன். "உங்களுக்கும் எனக்கும் எடை ஒண்ணாத்தான் இருக்கும். மொதல்ல நீங்க ஏறி நில்லுங்க. ஒரு நடை போய்ட்டு வாங்க. பொறவு நான் ஏறுதேன்."

மேட்டில் மண்வெட்டியெல்லாம் நின்றுவிட்டது. அவர் முகம் சிவந்தது. திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் பேசினேன். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமுறையாக டிராக்டர் அறிந்த குடும்பம் என்ற பேர் வேறு.

"இதென்ன பெரிய சங்கதியா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பயந்த மனிதர், பல் போன வாயை மூடிக்கொண்டு, பக்கெட்டைத் தலை தட்டாமல் குவித்து அள்ளினார். அதைத் தரைக்கு ஒரு சாண் மேலே தாழ்த்தி வைத்துக்கொண்டு, எப்போதும் போகிற வேகத்தில்தான் இறங்கினார். வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. பலகை துள்ளியது. பின்பக்கம் இரண்டு முறை எழும்பி விழுந்தது. பாதிச் சரிவில், "நிறுத்து! நிறுத்துப்பா! சாமீ, நிறுத்து!" என்று கேட்டது. வண்டி நின்ற பிறகும் மட்கார்டைப் பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை. வேட்டி முழுக்கச் சேறு. யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, இந்த முறை.

மறுநாள் காலை சிமென்டும் மணலும் ஜல்லியும் வந்து இறங்கின.

சாயம் வருகிற நீல டிரம் ஒன்றில் கான்கிரீட் போட்டோம். கீழே குறுக்காக ஒரு கம்பி, அதன் இரு முனையும் டிராக்டரின் பின்கைகள் இரண்டில் மாட்டும்படி. முன்பக்கம் மேலே ஒரு இரும்புக் காது, அந்த இரண்டு கைகளுக்கு நடுவே மேலே இருக்கும் மூன்றாவது கம்பி வந்து பிடிக்க. மாட்டினால் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கும். என் கணவர் அளந்தார், நான் கலவை போட்டேன். முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். அதை அள்ளிக்கொண்டு போய் எந்தச் சாயத்திலும் போட முடியாது.

கலவை வாய்வரை வந்தபோது முதலாளி எட்டிப் பார்த்தார். "மேல சமமாப் பூசிருங்க. எப்பவாச்சும் பத்தாமப் போனா ஒரு ஆளு நின்னுக்கலாமல்லொ."

அத்தனைக்கும் பிறகு! "சரிங்க" என்றேன். நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அவர் போனதும் இன்னும் இரண்டு சட்டிக் கலவை எடுத்து, மேலே கோபுரம் மாதிரிக் கூம்பாகக் குவித்தேன். கரண்டியால் நாலு பக்கமும் வழித்து வழித்து வழுக்கலாகப் பூசினேன். ஒல்லியானவள் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். என்ன செய்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆயுத பூசைக்கு அந்தக் கான்கிரீட் கல்லை டிராக்டரில் மாட்டி, வண்டியைக் கழுவி நிறுத்தினார்கள். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் மெஷினாகப் போய்ப் பொட்டு வைத்தார். டிராக்டருக்கு வைத்தார், பக்கெட்டுக்கு வைத்தார், பின்னால் வந்து கல்லுக்கும் மூன்று இடத்தில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து மாலை போட்டார். கூட்டத்தில் தள்ளப்பட்டு ஒல்லியானவளின் கால் கல்லில் பட்டுவிட்டது.

"கல்லு மேல கால் படப்படாது கண்ணு. தொட்டுக் கும்பிட்டுக்க" என்றார்.

அவளும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கழுத்தில் அந்தக் கோடு கறுத்து இன்னும் இருந்தது.

"நாங்களும் இங்கதான் பாரமா நின்னோம். எங்களுக்கு ஒரு பொட்டு கெடையாதா?" என்றேன் நான்.

அவர் கிண்ணத்தோடு நின்றார். பிறகு பின்னால் இருந்த கூடையிலிருந்து பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "நல்லாருங்க சாமி" என்றார்.

நான் அந்தப் பொட்டலத்தை அவர் கண்ணெதிரே கல்லின் உச்சியில் வைத்தேன். அது நிற்கவில்லை. சரிந்து கீழே விழுந்து பொரி சிதறியது. அவர் பொரியைப் பார்த்தார், கல்லின் உச்சியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அதன் மேல் எதுவும் நிற்காதபடிதான் நான் பூசியிருந்தேன்.